வீச்சு கூடினாலும் அலைவுக்காலம் ஏன் மாறுவதில்லை?

ஆடும் பொருள் நடுப்புள்ளியிலிருந்து விலகும் பெருமத் தொலைவு வீச்சு, ஒரு முழு ஆட்டத்துக்கு ஆகும் நேரம் அலைவுக்காலம். இந்தக் கேள்வியில் இரண்டு ஐயங்கள் கலந்திருக்கின்றன. சுருள்வில்லில் பொருத்திய ஒரு கட்டையை இரு மடங்கு தூரம் இழுத்து விட்டால் அது கடக்க வேண்டிய தொலைவும் இரு மடங்காகிறது. அப்படியிருக்க அதே நேரத்தில் ஓர் அலைவை எப்படி முடிக்கிறது என்பது முதலாவது. முன்னும் பின்னுமாகப் போய்வரும் எல்லா இயக்கங்களும், இந்தக் கட்டையின் ஆட்டத்தைப் போல், தனிச்சீரிசை இயக்கம்தானா, இல்லையென்றால் ஊசல், சுருள்வில், மூலக்கூறு என ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவற்றைப் பாடநூல்கள் ஏன் ஒரே சமன்பாட்டுக்குள் கொண்டுவருகின்றன என்பது இரண்டாவது. சமநிலைப் புள்ளியிலிருந்து விலகும்போது, பொருளை அங்கே திரும்ப இழுக்கும் மீள்விசை எந்த விகிதத்தில் வளர்கிறது என்பதைப் பார்த்தால் இரண்டுக்கும் விடை கிடைத்துவிடும். சைன் வரைபடத்திலிருந்து தொடங்குவதைவிட இங்கிருந்து தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. ஏனெனில் வரைபடம் விளைவு, விசையின் விதிதான் காரணம்.

உராய்வில்லாத கிடைமட்ட மேசைமீது ஒரே மாதிரியான இரண்டு அமைப்புகள் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொன்றிலும் 0.5 கிலோகிராம் நிறையுள்ள ஒரு கட்டை, மீட்டருக்கு 200 நியூட்டன் விசைமாறிலி (ஓரலகு தொலைவு நீட்டத் தேவையான விசை) கொண்ட சுருள்வில்லில் பொருத்தப்பட்டிருக்கிறது. முதல் கட்டையை 2 சென்டிமீட்டரும் இரண்டாவதை 4 சென்டிமீட்டரும் இழுத்து, இரண்டையும் ஒரே நொடியில் விடுகிறோம். விடும் கணத்தில் முதல் கட்டைமீது 4 நியூட்டன் விசையும் இரண்டாவதன்மீது 8 நியூட்டன் விசையும் செயல்படுகின்றன. முடுக்கங்கள் முறையே நொடிவர்க்கத்துக்கு 8 மீட்டர், 16 மீட்டர். அடுத்து வரும் மிகச் சிறிய கால இடைவெளியில் இரண்டாவது கட்டை இரு மடங்கு வேகத்தைப் பெறுகிறது, ஆகவே இரு மடங்கு தொலைவையும் கடக்கிறது. அந்த இடைவெளி முடிந்ததும் சமநிலைப் புள்ளிக்கு மீதமிருக்கும் தொலைவுகளைப் பார்த்தால் அவை இன்னமும் ஒன்றுக்கு இரண்டு என்ற விகிதத்திலேயே இருக்கின்றன. தொலைவுகள் அந்த விகிதத்தில் இருப்பதால் விசைகளும் அதே விகிதத்தில் இருக்கின்றன, விசைகள் அப்படியிருப்பதால் அடுத்த இடைவெளியிலும் இதே கதை தொடர்கிறது. இவ்வாறு ஒவ்வொரு கணத்திலும் இரண்டாவது கட்டையின் நிலை முதலாவதன் நிலையைப் போல் சரியாக இரு மடங்காக இருந்தாக வேண்டும் என்பதால், முதலாவது சுழியைத் தொடும் அதே கணத்தில் இரண்டாவதும் சுழியைத் தொடுகிறது. கூடுதல் தொலைவைக் கடப்பதற்குத் தேவையான கூடுதல் வேகத்தை விசையே சரியான அளவில் கொடுத்துவிடுகிறது.

இந்த வாதத்தில் சைனும் இல்லை, வகைக்கெழுச் சமன்பாடும் இல்லை. விசை இடப்பெயர்ச்சிக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது என்ற ஒன்றை மட்டுமே பயன்படுத்தினோம். அந்த நேர்விகிதத்தை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பார்த்தால் அதன் முக்கியத்துவம் இன்னும் தெளிவாகும். கடினமான தரையில் ஆற்றலை இழக்காமல் எம்பி எம்பிக் குதிக்கும் ஒரு பந்தை எடுத்துக்கொள்வோம். அதுவும் குறித்த காலத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப நிகழும் இயக்கம்தான். ஆனால் அது காற்றில் இருக்கும்போது எந்த உயரத்தில் இருந்தாலும் அதன்மீதான ஈர்ப்பு விசை ஒன்றே. உயரம் கூடுவதால் விசை கூடுவதில்லை. எனவே நான்கு மடங்கு உயரத்திலிருந்து விட்டால் ஒரு குதிப்புக்கு இரு மடங்கு நேரம் பிடிக்கிறது. மாறாக, விசை இடப்பெயர்ச்சியின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் இருக்குமானால், வீச்சை இரு மடங்காக்கும்போது விசை எட்டு மடங்காகிவிடும். கட்டை அவசரமாகத் திரும்பி வந்து அலைவுக்காலத்தைப் பாதியாக்கிவிடும். விசை விலகலை விட மெதுவாக வளர்ந்தால் பெரிய அலைவு தாமதமாகிறது, வேகமாக வளர்ந்தால் விரைவாகிறது. இரண்டுக்கும் இடையில், இடப்பெயர்ச்சியின் முதற்படியில் மட்டும், வீச்சு கணக்கிலிருந்தே மறைந்துவிடுகிறது. ஆகவே முதல் ஐயத்துக்குள்ளேயே இரண்டாவதன் பாதி விடை அடங்கியிருக்கிறது: திரும்பத் திரும்ப நிகழ்வது மட்டும் தனிச்சீரிசை இயக்கம் ஆகாது. மீள்விசை எப்போதும் சமநிலைப் புள்ளியை நோக்கியும், இடப்பெயர்ச்சிக்கு நேர்விகிதத்திலும் இருக்க வேண்டும்.

இதைச் சமன்பாடாக எழுதும்போது, முடுக்கம் என்பது இடப்பெயர்ச்சியை ஒரு மாறிலியால் பெருக்கி, எதிர்க்குறி இட்டதற்குச் சமம் என்கிறோம். விசைமாறிலியை நிறையால் வகுத்துக் கிடைக்கும் அந்த மாறிலியின் வர்க்கமூலமே கோண அதிர்வெண். நம் கட்டைக்கு 200 ஐ 0.5 ஆல் வகுத்தால் 400, அதன் வர்க்கமூலம் நொடிக்கு 20 ரேடியன். 2 பை, அதாவது ஏறத்தாழ 6.28, என்பதை 20 ஆல் வகுத்தால் அலைவுக்காலம் 0.314 நொடி. வீச்சு இந்தக் கணக்கில் எங்குமே வரவில்லை. ஆனால் வேகத்திலும் ஆற்றலிலும் அது வருகிறது: 4 சென்டிமீட்டர் வீச்சுள்ள கட்டை நடுப்புள்ளியைக் கடக்கும்போது அதன் வேகம் நொடிக்கு 0.8 மீட்டர், 2 சென்டிமீட்டர் வீச்சுள்ளதற்கு 0.4 மீட்டர், மொத்த ஆற்றல் முறையே 0.16 ஜூல், 0.04 ஜூல். ஆற்றல் வீச்சின் வர்க்கத்தைப் பொறுத்து வளர்கிறது.

இந்த இயக்கத்தை அருகிலிருந்து கவனித்தால் மாணவர்கள் வழக்கமாக இடறும் ஓர் இடம் தென்படும். நடுப்புள்ளியிலிருந்து கடைசிப் புள்ளிவரை செல்ல அலைவுக்காலத்தில் நான்கில் ஒரு பங்கு ஆகிறது. அப்படியானால் பாதித் தொலைவுக்கு எட்டில் ஒரு பங்கு ஆகும் என்று எழுதிவிடுவார்கள். உண்மையில் நடுப்புள்ளியிலிருந்து வீச்சின் பாதிவரை செல்லப் பன்னிரண்டில் ஒரு பங்கு நேரமே ஆகிறது. மீதிப் பாதியைக் கடக்க ஆறில் ஒரு பங்கு, அதாவது முதல் பாதிக்கு ஆனதைப் போல் இரு மடங்கு நேரம் ஆகிறது. நம் கட்டைக்கு இவை சுமார் 0.026 நொடி, 0.052 நொடி. அலைவின் மொத்த நேரத்தில் மூன்றில் இரண்டு பங்கைக் கட்டை ஓரங்களை ஒட்டிய பகுதிகளிலேயே கழிக்கிறது. வீச்சின் பாதித் தொலைவில் ஆற்றலும் சரிபாதியாகப் பிரிந்திருக்காது. அங்கே நிலையாற்றல் நான்கில் ஒரு பங்கும் இயக்க ஆற்றல் நான்கில் மூன்று பங்குமாக இருக்கும், வேகமும் பெரும வேகத்தில் சுமார் 87 சதவீதமாக இருக்கும். கடைசிப் புள்ளியில் வேகம் சுழி என்பதால் முடுக்கமும் சுழி என்று எண்ணுவது இன்னொரு பிழை. அங்கேதான் முடுக்கம் உச்சத்தில் இருக்கிறது. அது சுழியாக இருந்திருந்தால் கட்டை திரும்பி வரவே காரணம் இருந்திருக்காது.

நேர்கோட்டில் நடக்கும் இயக்கத்தில் வட்டத்துக்குரிய பை எங்கிருந்து வந்தது என்பது நியாயமான கேள்வி. ஒரு வட்டப் பாதையில் சீரான வேகத்தில் சுற்றும் புள்ளியின் முடுக்கம் மையத்தை நோக்கியது, அளவில் ஆரத்துக்கு நேர்விகிதமானது. அந்தச் சுற்றலைப் பக்கவாட்டிலிருந்து, வட்டத்தின் தளத்திலேயே கண்ணை வைத்துப் பார்த்தால், நமக்குத் தெரிவது ஒரு விட்டத்தின்மீதான போக்குவரத்து மட்டுமே. அந்த விட்டத்தின் வழியே முடுக்கத்தின் கூறும் இடப்பெயர்ச்சிக்கு நேர்விகிதத்தில், எதிர்த்திசையில் அமைகிறது. இது காகிதத்தில் மட்டும் வரையும் படமன்று. 1610 ஜனவரியில் கலிலியோ தொலைநோக்கியின் வழியே வியாழன் கோளின் நிலவுகளைக் கண்டபோது, அவை கோளின் இருபுறமும் ஏறத்தாழ ஒரே கோட்டில் போய்வருவதைத்தான் கண்டார். அவற்றுள் அயோ கிட்டத்தட்ட வட்டப் பாதையில் 42.5 மணி நேரத்துக்கு ஒருமுறை சுற்றுகிறது. பூமியிலிருந்து பக்கவாட்டில் பார்க்கும் நமக்கு அது அதே அலைவுக்காலமுள்ள தனிச்சீரிசை இயக்கமாகத் தெரிகிறது.

கட்டையைச் செங்குத்தாகத் தொங்கவிட்டால் ஈர்ப்பு விசை கணக்கைக் குழப்பாதா என்றும் கேட்கலாம். குழப்பாது. எடை மாறாத விசை. அது சமநிலைப் புள்ளியைக் கீழே நகர்த்துகிறதே தவிர, அங்கிருந்து விலகும்போது விசை மாறும் விகிதத்தைத் தொடுவதில்லை. நம் கட்டை சுருள்வில்லை 2.45 சென்டிமீட்டர் நீட்டி அமைதியடையும்; பிறகு எவ்வளவு ஆட்டினாலும் அலைவுக்காலம் அதே 0.314 நொடிதான். இதில் ஒரு சுவையான ஒற்றுமை உண்டு: 2.45 சென்டிமீட்டர் நீளமுள்ள தனி ஊசலின் அலைவுக்காலமும் 0.314 நொடியே. ஆகவே விசைமாறிலியையோ நிறையையோ அறியாமலே, சுருள்வில் எவ்வளவு நீண்டது என்பதை அளவுகோலால் அளந்து அலைவுக்காலத்தைச் சொல்லிவிடலாம். இரண்டையும் நிலவுக்குக் கொண்டுபோனால் ஒற்றுமை கலைந்துவிடும். ஈர்ப்பு அங்கே ஆறில் ஒரு பங்கு என்பதால் ஊசல் ஏறத்தாழ 2.45 மடங்கு மெதுவாக ஆடும், சுருள்வில்லோ பூமியில் ஆடியபடியே ஆடும். ஆய்வகத்தில் இதைச் செய்பவர்கள் சுருள்வில்லின் சொந்த நிறையில் மூன்றில் ஒரு பங்கைத் தொங்கும் நிறையோடு கூட்டிக்கொள்ள வேண்டும். 60 கிராம் எடையுள்ள சுருள்வில்லில் 500 கிராம் கட்டையைத் தொங்கவிட்டால் இந்தத் திருத்தம் மட்டுமே அலைவுக்காலத்தில் 2 சதவீத வேறுபாட்டைத் தரும்.

ஊசலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் தனிச்சீரிசை இயக்கத்துக்கு எடுத்துக்காட்டாக முதலில் சொல்லப்படும் ஊசல், கறாராகப் பார்த்தால் தனிச்சீரிசை இயக்கம் செய்வதே இல்லை. அதன் மீள்விசை கோணத்துக்கு நேர்விகிதமானதன்று, கோணத்தின் சைனுக்கு நேர்விகிதமானது. சைன் எப்போதும் கோணத்தைவிடச் சற்றுக் குறைவாகவே வளர்வதால், மேலே கண்ட விதிப்படி பெரிய அலைவு சிறியதைவிடத் தாமதமாக முடிய வேண்டும், அப்படியே நடக்கிறது. கோணவீச்சு 5 பாகையாக இருக்கும்போது அலைவுக்காலம் வழக்கமான சூத்திரம் தருவதைவிட 0.05 சதவீதம் கூடுதல், 10 பாகையில் 0.19 சதவீதம், 30 பாகையில் 1.7 சதவீதம், 90 பாகையில் 18 சதவீதம். ஐந்து பாகைக்குரிய வேறுபாட்டைக் கைக்கடிகாரம் வைத்து அளக்கும் மாணவர் உணரப்போவதில்லை. ஆனால் ஊசல் கடிகாரத்துக்கு அது நாளொன்றுக்கு 41 நொடி. கடிகாரத்தின் வீச்சு 5 பாகையிலிருந்து 4 பாகைக்குத் தளர்ந்தாலே அது நாளுக்குச் சுமார் 15 நொடி வேகமாக ஓடத் தொடங்கும்.

ஊசலின் அலைவுக்காலம் வீச்சைப் பொறுத்ததன்று என்று கூறிய கலிலியோ, அது பெரிய வளைவுகளுக்கும் பொருந்தும் என்றே கருதினார். 1656 இல் ஊசல் கடிகாரத்தை உருவாக்கிய கிறிஸ்டியான் ஹைகன்ஸ் இந்தக் குறையை அறிந்திருந்தார். எந்த வளைவின்மீது குண்டு ஆடினால் அலைவுக்காலம் உண்மையிலேயே வீச்சைச் சாராது என்று தேடி, அது வட்டவில் அன்று, உருளும் சக்கரத்தின் விளிம்பிலுள்ள புள்ளி வரையும் உருள்வளைவு என்று கண்டறிந்து, 1673 இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். அந்த வளைவின்மீது, மீள்விசை வளைவின் வழியே அளந்த தொலைவுக்குத் துல்லியமாக நேர்விகிதத்தில் இருக்கிறது. அதாவது அவர் தேடிக் கண்டடைந்தது தனிச்சீரிசை இயக்கத்தின் நிபந்தனையையேதான். நடைமுறையில் கடிகாரக்காரர்கள் பின்னர் எளிய வழியைத் தேர்ந்தனர்: வீச்சைச் சில பாகைகளுக்குள் அடக்கி, அதை மாறாமல் காத்தால் போதும்.

ஊசலின் சூத்திரத்தில் குண்டின் நிறை இல்லாததற்குக் காரணம், இழுக்கும் எடையும் இயக்கத்தை எதிர்க்கும் நிலைமமும் ஒரே விகிதத்தில் வளர்வதுதான். இது தானாக நடக்க வேண்டியதன்று. நியூட்டன் தங்கம், வெள்ளி, ஈயம், கண்ணாடி, மணல், உப்பு, மரம், நீர், கோதுமை ஆகியவற்றைச் சம எடையில் ஊசல்களாக்கி ஆடவிட்டு, ஆயிரத்தில் ஒரு பங்கு துல்லியம்வரை வேறுபாடில்லை என்று சோதித்த பிறகே இதை ஏற்றார். சூத்திரத்தில் எஞ்சியிருப்பவை நீளமும் ஈர்ப்பு முடுக்கமும். 1672 இல் தென் அமெரிக்காவின் கயேனுக்குச் சென்ற பிரெஞ்சு வானியலாளர் ஜான் ரிஷே, பாரிசில் சரியாக ஓடிய கடிகாரம் நில நடுக்கோட்டுக்கு அருகில் நாளுக்கு இரண்டரை நிமிடம் அளவில் பின்தங்குவதைக் கண்டார். பூமி எல்லா இடத்திலும் ஒரே விசையோடு இழுப்பதில்லை என்பதை முதலில் காட்டியவை இத்தகைய ஊசல் அளவீடுகளே.

இனி இரண்டாவது ஐயத்தின் மீதிப் பாதி. துல்லியமாக நேர்விகித மீள்விசை உடைய அமைப்புகள் இயற்கையில் அரிது. சுருள்வில்கூட அளவுக்கு மேல் இழுத்தால் விதியை மீறும். இருந்தும் ஏன் எங்கும் இதே சமன்பாடு? ஓர் அமைப்பின் நிலையாற்றலை வரைபடமாக வரைந்தால், நிலையான சமநிலை என்பது அந்த வளைவின் பள்ளத்தின் அடிப்புள்ளி. அடியில் சரிவு சுழி. ஆகவே அங்கிருந்து சற்று விலகும்போது ஆற்றல் வளர்வது முதலில் விலகலின் வர்க்கத்தைப் பொறுத்தே இருக்கும். மும்மடி, நான்மடி உறுப்புகள் விலகல் சிறியதாக இருக்கும்வரை தலைகாட்டா. ஆற்றல் வர்க்கத்தைப் பொறுத்தது என்றால் விசை முதற்படியைப் பொறுத்தது. பள்ளத்தின் உருவம் எதுவாக இருந்தாலும், அதன் அடிப்பகுதியை நெருங்கிப் பார்த்தால் அது பரவளைவாகவே தோன்றும். அடிப்பகுதி முற்றிலும் தட்டையாக அமைந்து வர்க்க உறுப்பே இல்லாமல் போகும் அரிய அமைப்புகள் மட்டும் விதிவிலக்கு. ஹைட்ரஜன் குளோரைடு மூலக்கூறின் இரு அணுக்களும் நொடிக்கு ஏறத்தாழ 86 லட்சம் கோடி முறை அதிர்கின்றன. ஹைட்ரஜனுக்குப் பதில் அதன் இரு மடங்கு நிறையுள்ள வகையான டியூட்டீரியத்தை வைத்தால் பிணைப்பின் விறைப்பு மாறாமல் நிறை மட்டும் கூடுவதால், கட்டையும் சுருள்வில்லும் தரும் அதே வர்க்கமூலக் கணக்குப்படி அதிர்வெண் சுமார் 0.72 மடங்காகக் குறைகிறது. அகச்சிவப்பு நிறமாலையில் அதைக் காணலாம்.

தடையுறு அலைவு பற்றிச் சுருக்கமாக. உராய்வு இருந்தால் வீச்சு குறையும், ஆனால் அலைவுக்காலம் பெரும்பாலும் அசைவதில்லை. வேகத்துக்கு நேர்விகிதமான தடையுள்ள ஓர் அமைப்பு ஒவ்வோர் அலைவிலும் தன் வீச்சில் 27 சதவீதத்தை இழக்கிறது என்று வைத்துக்கொண்டால், நான்கைந்து அலைவுகளிலேயே ஆட்டம் வெகுவாக அடங்கிவிடும். அப்போதும் அலைவுக்காலம் கூடுவது 0.13 சதவீதம் மட்டுமே. இதே அமைப்பை வெளியிலிருந்து அதன் இயல்பு அதிர்வெண்ணிலேயே தள்ளிக்கொண்டிருந்தால், அதே விசை நிலையாகச் செயல்பட்டு உண்டாக்கும் விலகலைப்போல் பத்து மடங்கு வீச்சோடு அது ஆடும். இதுவே ஒத்ததிர்வு. விசை உச்சத்தில் இருக்கும்போது பொருள் நடுப்புள்ளியைக் கடக்கிறது, அதாவது விசை எப்போதும் வேகத்தின் திசையிலேயே தள்ளுகிறது என்பதே அந்தப் பெருக்கத்தின் காரணம்.

ஒத்ததிர்வுக்கு எடுத்துக்காட்டாக அமெரிக்காவின் டக்கோமா நேரோஸ் பாலம் 1940 நவம்பர் 7 அன்று இடிந்ததைச் சொல்லும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அதை விட்டுவிடுவது நல்லது. அன்று பாலத்தைக் குறித்த தாளத்தில் தள்ளிய வெளிவிசை எதுவும் இல்லை. மணிக்குச் சுமார் 64 கிலோமீட்டர் வேகத்தில் தொடர்ந்து வீசிய காற்றில் பாலத்தின் முறுக்கமே காற்றோட்டத்தை மாற்றி, அந்தக் காற்றோட்டம் முறுக்கத்துக்கு மேலும் ஆற்றலை ஊட்டியது. தடை ஆற்றலை உறிஞ்சுவதற்குப் பதிலாக ஆற்றலைக் கொடுக்கும் நிலை அது. தற்கிளர்வு அலைவு என்பதே அதற்குப் பொருத்தமான விளக்கம்.

பரவளைவு என்ற தோராயம் எங்கே கைவிடும் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். திண்மத்தில் அணுக்களை நெருக்கினால் விலக்குவிசை மிக விரைவாக ஏறுகிறது, விலக்கினால் ஈர்ப்புவிசை மெதுவாகத் தளர்கிறது. ஆற்றல் பள்ளத்தின் ஒரு பக்கம் செங்குத்து, மறுபக்கம் சாய்வு. வெப்பநிலை ஏறி அலைவின் வீச்சு கூடும்போது அணு சாய்வான பக்கத்தில் அதிகத் தொலைவு செல்வதால் அதன் சராசரி இடமே வெளிப்புறமாக நகர்கிறது. பொருள்கள் சூடாகும்போது விரிவது இதனால்தான். அணுக்கள் கண்டிப்பான தனிச்சீரிசை இயக்கத்தில் மட்டும் இருந்திருந்தால், எவ்வளவு சூடாக்கினாலும் அவற்றின் சராசரி இடைவெளி மாறியிருக்காது. ஒரு மீட்டர் எஃகுத் தண்டு 100 பாகை செல்சியஸ் வெப்பநிலை உயர்வுக்குச் சுமார் 1.2 மில்லிமீட்டர் நீள்கிறது. அந்தத் தண்டு ஒரு கடிகாரத்தின் ஊசலாக இருந்தால், 10 பாகை உயர்வே அதை நாளுக்கு 5 நொடி தாமதப்படுத்தப் போதுமானது.